மாவுக்குக் கம்பளி போர்த்தும் ஊர்: பெங்களூரில் நான்கு நாள்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். ஒன்றை எழுதும்போது இன்னொன்று மறந்துபோகிறது. நம் மகளிர் குழுக் கூட்டத்தில் எழுந்து பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்பது உங்களுக்குத் தெரியும். பெங்களூர் போய் வந்ததை எழுதியாவது கொடுங்கள் என்று தலைவி கேட்டார். எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்கமாட்டார்கள் என்ற தைரியத்தில் சரி என்றுவிட்டேன். நம்மில் பலர் அந்த ஊருக்குப் போனதில்லை, அதனால் பார்த்ததை அப்படியே சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை, சித்திரை வெயில். காலை ஒன்பதரைக்குக் காட்பாடியில் ரயில் ஏறினேன். டிக்கெட் நூறு ரூபாய்க்கு மேல் கொஞ்சம் சில்லறை. பெங்களூர் இருநூற்று முப்பது கிலோமீட்டர் என்று பக்கத்தில் இருந்த பெண் போனில் பார்த்துச் சொன்னாள். அவள் அங்கே கம்ப்யூட்டர் வேலை செய்கிறவள். என் பையில் ஸ்வெட்டர் எட்டிப் பார்ப்பதைக் கண்டு சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"அம்மா, கடைசியா எப்போ போனீங்க?"

"இருபது வருஷம் இருக்கும்மா. அப்போ சித்திரையிலயே ராத்திரி போர்வை கேட்டுச்சு."

"இப்போ நாங்க ரூம் தேடும்போது ஃபேன் ஓடுதான்னு மொதல்ல பாக்கறோம். முன்ன நிறைய வீட்ல ஃபேனே இல்லியாமே?"

இல்லைதான். என் தங்கை விமலா கல்யாணமாகி அந்த ஊருக்குப் போனபோது அவர்கள் வீட்டுக் கூரையில் மின்விசிறி மாட்டக் கொக்கிகூட இல்லை.

பங்காருப்பேட்டை தாண்டியதும் செம்மண். கிருஷ்ணராஜபுரம் வருவதற்கு ரொம்ப முன்னாலேயே ஊர் தொடங்கிவிட்டது. வயல் இருக்கும் என்று நான் ஞாபகம் வைத்திருந்த இடமெல்லாம் மாடிமேல் மாடி. எண்ண முயன்று பதினெட்டில் விட்டுவிட்டேன். ஒவ்வொரு மாடியிலும் துணி காய்ந்தது. இத்தனை பேருக்கும் இடம் கொடுத்திருக்கிறதே இந்த ஊர் என்று எனக்கு மலைப்பாக இருந்தது.

கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் ஒன்றரை மணிக்கு இறங்கினேன். அங்கிருந்து விமலா வீடு இருக்கும் அடுகோடிக்கு எட்டு கிலோமீட்டர். ஆட்டோக்காரர் இருநூற்று ஐம்பது கேட்டார். மீட்டர் போடுங்கள் என்றேன், பயந்துகொண்டே.

"மீட்டர் போட்டா உங்களுக்குதான்மா நஷ்டம். வழி பூரா மெட்ரோக்கு தோண்டி போட்டிருக்கான். வண்டி நிக்கும், மீட்டர் ஓடும். இருநூத்தி இருவது குடுங்க, பேசினே போலாம்."

பேசிக்கொண்டே போனோம். ஒரு சிக்னலில் அதிசயம் பார்த்தேன். சிவப்பு விளக்கு விழுந்ததும் ஸ்கூட்டர், பைக் எல்லாம் கோட்டுக்கு நாற்பது அடி முன்னாலேயே, ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரத்தின் நிழலில் கூட்டமாக நின்றுவிட்டன. கோட்டுக்குப் பக்கத்தில் வெயிலில் இடம் காலியாகக் கிடக்கிறது. பின்னால் இருந்த கார்க்காரர் ஹாரன்கூட அடிக்கவில்லை.

"இந்த ரெண்டு மூணு வருஷமாதான்மா இப்டி. வெயில் ஏற ஏற நெழல் எங்கயோ அங்கதான் சிக்னல். போலீஸ்காரரே அங்கதான் நிப்பாரு பாருங்க" என்றார் ஆட்டோக்காரர். பார்த்தேன். அங்கேதான் நின்றிருந்தார்.

விமலா என்னைவிட ஆறு வயது இளையவள். புருஷன் போய் ஒன்பது வருடம் ஆகிறது, காரியமெல்லாம் வேலூரில்தான் நடந்தது. மகன் ஓசூரில் இருக்கிறான். அடுகோடியில் லேத்துப் பட்டறைகளுக்கு நடுவில் ஒரு சந்தில் தனியாக இருந்துகொண்டு, பெரிய கிரைண்டர் வைத்து, பெண்கள் ஹாஸ்டல்களுக்கு இட்லி மாவு அரைத்துக் கொடுக்கிறாள். என் ஸ்வெட்டரைப் பார்த்ததும், "இன்னாக்கா, அடுப்புல இருந்து சட்டி எறக்கவா இத எடுத்தாந்த?" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு அரைமணி நேரம்கூட நிற்கவில்லை. மாவு கொண்டுபோய்க் கொடுக்கும் பக்கத்து வீட்டு நசீமா ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, மாவுத் தூக்குச்சட்டியை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தாள்.

"ஆன்ட்டி, ஹாஸ்டல் ஷைலஜா மேடம் வேணாம்னுட்டாங்க. புளிக்குதாம். பொண்ணுங்க இட்லிய தொடவே இல்லியாம். ஞாயித்துக்கெழமை காலைல எட்டு மணிக்கு ஒரே ஒரு தபா பாப்பாங்களாம். அதுவும் புளிச்சா கம்பெனி பாக்கெட் மாவுக்கு மாறிடுவாங்களாம்."

விமலா தூக்கைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மூன்று ஹாஸ்டல் இருந்தது. இந்தக் கோடையில் இரண்டு போய்விட்டது. மிச்சம் இது ஒன்றுதான்.

"இதுவும் போச்சுன்னா கிரைண்டர வித்துட்டு ஓசூர்ல மருமவ வீட்டுக்குப் போயி, சாப்பாடு ஆயிடுச்சான்னு கேட்டுனு உக்காரணும்கா. என்னால ஆவாது. நாப்பது வருஷம் இந்த ஊர்ல நானா இருந்துட்டேன்."

காலையிலேயே ஊறப்போட்டிருந்ததை அரைத்து, சாயந்திரம் அவள் மாவு கலக்கும்போது பார்த்தேன். கையாலேயே நெடுநேரம் அடித்துக் கலந்தாள், உப்பு போடவில்லை. இரண்டு பெரிய தூக்கையும் சமையலறை மூலையில் வைத்து, மேலே கறுப்புக் கம்பளியை இழுத்துப் போர்த்தி, குழந்தைக்குச் செருகுவதுபோல ஓரத்தைச் செருகினாள். எனக்கு வியர்த்து ஒழுகுகிறது, மாவுக்குக் கம்பளி!

"இன்னா விமலா பண்ற?"

"நான் வந்த புதுசுல ஊட்டு ஓனரம்மா சொல்லிக் குடுத்ததுக்கா. இந்த ஊர்க் குளுர்ல மாவு எழாது. உப்பு காலைலதான் போடணும், கம்பளி போத்தணும்."

"இப்போ குளிர் எங்கடி இருக்குது?"

அவள் கம்பளியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "தெரியுதுக்கா. புத்திக்குத் தெரியுது. ஏழு மணியானா கை அதுபாட்டுக்குப் போத்துது."

விடிகாலையில் பார்த்தால் மாவு பொங்கி, கம்பளியை நனைத்து, தரையில் வழிந்திருந்தது. கிட்டே போனாலே புளிப்பு. வெயிலைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித் தரவேண்டாம், நான் வேலூர்க்காரி. இத்தனை வருடத்தில் முதல்முறையாக என் தங்கைக்குச் சொல்ல எனக்கு ஒன்று இருந்தது. வெந்தயத்தைப் பாதியாகக் குறை, ஐஸ் தண்ணீர் விட்டு அரை, கை வைக்காதே, கரண்டியால் கலக்கு, உப்பை இப்போதே போடு, தூக்கைக் காற்றோட்டமான இடத்தில் தண்ணீர்த் தாம்பாளத்தில் வை என்றேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

சனிக்கிழமை காலை அரிசியையும் உளுந்தையும் ஊறவைத்தாள். அப்போது இன்னொன்று பார்த்தேன். சந்தின் போர்வெல் வற்றிவிட்டது. காவேரித் தண்ணீர் வாரத்தில் இரண்டு நாள் வருகிறது. மாவுக்குத் தண்ணீர், காசு போட்டால் கேன் நிரம்பும் மெஷினிலிருந்து ஐந்து ரூபாய்க்கு எடுக்கிறாள். அரிசி கழுவிய முதல் தண்ணீர் கிரைண்டர் கழுவ. கிரைண்டர் கழுவியது வாசல் கழுவ. கடைசித் தண்ணீர் நசீமா வீட்டுச் செம்பருத்திக்கு. ஒரு சொட்டு சாக்கடையில் விழவில்லை. நாம் பாலாறு வற்றியதைப் பார்த்தவர்கள், ஆனாலும் இந்தக் கெட்டிக்காரத்தனம் நம்மிடம் இல்லை என்று வெட்கமாக இருந்தது.

ஊறுகிற நேரத்தில், மறுநாளைக்கு உளுந்து வாங்க மல்லேஸ்வரம் போனோம். விமலாவுக்கு அங்கே ஒரு கடை உளுந்துதான் பிடிக்கும். பஸ்ஸில் விமலா ஆதார் கார்டைக் காட்டினாள். அந்த ஊர்ப் பெண்களுக்கு டிக்கெட் இலவசம். நானும் பெருமையாக என்னுடையதைக் காட்டினேன்.

"இது தமிழ்நாடு அஜ்ஜி. டிக்கெட் தகோபேகு" என்றார் கண்டக்டர், பாட்டி, டிக்கெட் வாங்கத்தான் வேண்டும் என்று.

"எங்க அக்கா சார், கொஞ்சம் அட்ஜஸ்ட் மாடி!" என்றாள் விமலா, அட்ஜஸ்ட் பண்ணுங்கள் என்று.

கண்டக்டர் தமிழிலேயே சொன்னார். "அக்கா உங்க அக்காதாம்மா. ஆதார்ல அட்ரஸ் மட்டும் எங்க ஊரோடது இல்ல."

பஸ்ஸே சிரித்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு இருபத்துமூன்றோ இருபத்துநான்கோ கொடுத்தேன். மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அங்கிருந்து மெட்ரோ ரயிலில் ஒரே ஸ்டேஷன், பத்து ரூபாய். பூமிக்கு அடியில் அவ்வளவு சுத்தமான இடத்தை நான் பார்த்ததில்லை. செருப்பைக் கழற்றலாமா என்று ஒரு கணம் யோசித்தேன்.

மல்லேஸ்வரத்தில் மரங்கள் தெருவுக்குக் கூரை போட்டிருக்கின்றன. அடியில் நடந்தால் கன்னத்தில் குளுமை படுகிறது. எட்டாவது கிராஸ் மார்க்கெட்டில் பூவும் கீரையும் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் தமிழ் பேசினார்கள். உளுந்து வாங்கிக்கொண்டு, இருபது ரூபாய்க்கு ஒரு காபி குடித்தோம். மரம் முடிகிற இடத்தில் புதிதாக ஒரு கண்ணாடிக் கட்டடம் எழும்பியிருக்கிறது. அந்தப் பக்கம் ஐம்பது அடிதான் நடந்திருப்போம், அடுப்பங்கரைக்குள் நுழைந்தது மாதிரி இருந்தது. ஒரே தெருவில் இரண்டு ஊர். "மரம் இருக்கற தெருவுல மாவு ஒரு மாதிரி எழும், இல்லாத தெருவுல வேற மாதிரிக்கா" என்றாள் விமலா. விளையாட்டாகச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

மூன்று மணிக்கு வீடு திரும்பி, நான் சொன்னபடியே அரைத்தோம். ஐந்து மணிக்குத் தூக்குகளைப் பின்பக்கம், கம்பி மட்டும் போட்ட துணி துவைக்கும் இடத்தில், தண்ணீர்த் தாம்பாளத்தில் வைத்தோம். விமலாவின் கை கம்பளிக்குப் போனது. நான் அதைப் பிடுங்கி மடித்துப் பரண்மேல் போட்டுவிட்டேன்.

ஐந்தரை மணிக்கு வானம் கறுத்தது. ஆறு மணிக்குள் அப்படி ஒரு மழை. ஆலங்கட்டி! கொய்யாப் பிஞ்சு அளவுக்கு. சந்தில் கணுக்கால் தண்ணீர் ஓடியது. லேத்துக்கடைப் பையன்கள் கட்டியைப் பொறுக்கி ஒருவர்மேல் ஒருவர் எறிந்தார்கள். மதியம் உடம்பைப் பொசுக்கிய ஊர், ஒரு மணி நேரத்தில் மலையூர் மாதிரி ஆகிவிட்டது. நசீமா வெங்காய பஜ்ஜி கொண்டுவந்தாள். மூன்று பேரும் வாசலில் நின்று தின்றோம். குளிருக்கு நான் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். மாவும் பின்பக்கம் அதே குளிரில் நிற்கிறது என்று எனக்கும் தோன்றவில்லை, நாற்பது வருடம் மாவு அரைத்த அவளுக்கும் தோன்றவில்லை. வேலூரில் வெயில் வந்தால் வந்ததுதான், ராத்திரியும் சுவர் கொதிக்கும். அந்த நினைப்பிலேயே தூங்கிப்போனேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான்கே முக்கால். விமலாதான் முதலில் மூடியைத் திறந்தாள். நான் போய்ப் பார்த்தேன். நேற்று எந்தக் கோட்டில் விட்டோமோ அதே கோட்டில் மாவு கிடந்தது. ஒரு குமிழ் இல்லை. தொட்டால் ஐஸ். எட்டு மணிக்குள் அது ஹாஸ்டலில் இருக்கவேண்டும்.

வாயே திறக்காதவள் வாயைத் திறந்து என் தங்கையின் பிழைப்பைக் கெடுத்தேனே என்று அழுகை முட்டியது. "நான்தாண்டி கெடுத்தேன்" என்றேன்.

"சும்னிருக்கா" என்றாள் விமலா. சும்மா இரு என்பதைக் கன்னடத்தில் சொல்லித்தான் அதட்டுவாள். "வேலூர் மாவு, பொறுமையா எழுந்திருக்கும். நமக்குத்தான் நேரம் இல்ல." தூக்குகளைத் தாம்பாளத்திலிருந்து எடுத்து அடியைத் துடைத்தாள். பிறகு, "நசீமாவ எழுப்பு. மஞ்சண்ணா பேக்கரிக்குப் போலாம்" என்றாள்.

சந்து முனையில், ஆறு கடை தள்ளி, மஞ்சுநாத் என்பவரின் பேக்கரி. மூன்று மணிக்கே அடுப்பு மூட்டிவிடுகிறவர், ஹாசன் பக்கத்துக்காரர், தமிழும் பேசுவார். தூக்குகளை ஸ்கூட்டரில் ஒவ்வொன்றாகக் கொண்டுபோனோம்.

"ஏனம்மா, பெளிகே பெளிகே மாவு எடுத்துட்டு?" என்றார், காலங்காத்தாலே என்ன இது என்று.

மாவு எழவில்லை என்று விமலா சொன்னாள். அவர் தூக்கைத் திறந்து விரலால் தொட்டுப் பார்த்தார். "அய்யோ, ஃபிரிட்ஜ்ல வெச்சிங்களா?"

"எங்க அக்கா ஊரு முறை" என்றாள் விமலா. நான் மாவு மூட்டைக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன்.

பன் மாவு எழுவதற்கென்று அடுப்புச் சுவரை ஒட்டி ஒரு சின்ன அறை வைத்திருக்கிறார். உள்ளே கை வைத்தால் நம் ஊர் வைகாசி ராத்திரி மாதிரி கதகதப்பு. எழுந்து முடிந்த பன் தட்டுகளை அடுப்புக்கு அனுப்பிவிட்டு, நம் தூக்குகளுக்கு இடம் ஒதுக்கினார். விமலா புடவையைச் செருகிக்கொண்டு, கையைக் கழுவி, பழையபடி கையாலேயே அடித்துக் கலந்துவிட்டு வெளியே வந்தாள்.

காத்திருக்கும்போது நான் கூச்சத்தை விட்டு ஒன்று கேட்டேன். நேற்று அந்தக் குளிரில் உங்கள் பன் மட்டும் எப்படி எழுந்தது?

"நான் சாயந்திரம் ஆறு மணிக்கு வெளியே வந்து ஆகாசம் பாப்பேன்மா. அப்புறம்தான் ஈஸ்ட் அளக்கறது. முன்னே எங்க அப்பா காலத்துல சீசனுக்கு ஒரு அளவு. சம்மருக்கு ஒண்ணு, சளிகாலத்துக்கு ஒண்ணு. இப்போ தினம் ஒரு அளவு. மத்தியானம் வெயில் இருந்ததுன்னு நம்பக் கூடாது. மழை வரும், வரும்னு ஏமாத்தும், வந்தா ஒரே தபா கொட்டும். ஊரு பெருசாச்சு, கெரே எல்லாம் போச்சு, மரம் கொஞ்சம் போச்சு. நாம கோச்சுக்கிட்டு உக்காந்தா பன்னு எழுமா?"

சளிகாலம் என்றால் குளிர்காலம், கெரே என்றால் ஏரி. ஹாஸ்டல் இருக்கிற இடமே ஏரியாக இருந்ததாம். விமலா அங்கே துணி துவைப்பதைப் பார்த்திருக்கிறாளாம்.

ஆறு மணிக்கு ஒன்றுமில்லை. ஆறரைக்கு ஓரத்தில் இரண்டு குமிழ். விமலா பேக்கரி பெஞ்சின் நுனியிலேயே உட்கார்ந்திருந்தாள், டீ ஆறிப்போனது. ஏழு இருபதுக்கு மஞ்சண்ணா உள்ளே எட்டிப் பார்த்து, "பன்றி, பன்றி!" என்று கத்தினார். நான் பதறினேன். கன்னடத்தில் அப்படிச் சொன்னால் வாருங்கள் என்று அர்த்தமாம். போய்ப் பார்த்தோம். மாவு மூடியைத் தொட்டுக்கொண்டு நின்றது. விமலா என் கையைப் பிடித்து அதன்மேல் வைத்தாள். பஞ்சு.

எழுந்த மாவைக் குலுக்கினால் அமுங்கிவிடும். நசீமா ஸ்கூட்டரை நடக்கிற வேகத்தில் ஓட்ட, நானும் விமலாவும் இரண்டு பக்கமும் தூக்கைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. வழியில் மயில்கொன்றைக் கிளைகள் முறிந்து கிடந்தன, ரோடெல்லாம் சிவப்புப் பூ. மழைநீர்க் கால்வாய் ஓரம் இன்னும் முழங்கால் தண்ணீர் நின்றது. அதற்குள் துப்புரவுப் பெண்கள் வந்து மண்ணை வாரிக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்து ஒருத்தி, "இன்னாம்மா, சாமி ஊர்வலமா?" என்றாள்.

எட்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஹாஸ்டலில் இருந்தோம். ஷைலஜா மேடம் கண்டிப்பான முகம். மூடியைத் திறந்தார், ஒரு துளி நாக்கில் வைத்தார், முதல் ஈடு இட்லி வேகும்வரை எங்களை நிற்கவைத்தார். ஒன்றைப் பிட்டுப் பார்த்தார்.

"இவத்து செனாகிதே" என்றார். இன்றைக்கு நன்றாக இருக்கிறது என்று. பிறகு விமலாவைப் பார்த்து, "நாளைக்கு?" என்றார்.

வேறு யாராக இருந்தாலும் நாளைக்கும் இப்படியே என்று சத்தியம் செய்திருப்பார்கள். விமலா சொன்னாள்: "நாளைக்கு எப்படின்னு இன்னிக்கு சாயந்திரம் ஆறு மணிக்குதான் தெரியும் மேடம். வானத்தப் பாத்துட்டுதான் அரைக்கப் போறேன். பாக்கெட் மாவு வானம் பாக்காது."

மேடம் சிரித்துவிட்டார். அவருடைய ஹாஸ்டல் பெண்களும் ஒரே பையில் குடையும் கூலிங் கிளாசும் வைத்துக்கொண்டுதான் ஆபீஸ் போகிறார்களாம். "ஒரு மாசம் பாக்கறேன்" என்றார். விமலா வெளியே வந்த பிறகுதான் அழுதாள். நசீமா, "அழுறத ஸ்கூட்டர்ல உக்காந்து அழுங்க ஆன்ட்டி, நடந்து கால் போச்சு" என்றாள்.

அன்று சாயந்திரம் ஆறு மணிக்கு இருவரும் சந்து முனைக்குப் போனோம். மஞ்சண்ணா வெளியே வந்து மேற்கே பார்த்தார். விமலாவும் பார்த்தாள். "இன்னிக்கு இல்ல" என்றார் அவர். "பாதி ராத்திரிக்கு மேல குளுரும்" என்றாள் அவள். வீட்டுக்கு வந்து பாதி உப்பு போட்டு, கம்பளியைப் பாதி போர்த்தினாள். திங்கள் காலை மாவு சரியாக எழுந்திருந்தது, புளிப்பில்லை.

திங்கட்கிழமை பகல் மூன்றேகால் ரயிலில் கிளம்பினேன். ஜன்னல் வழியாக அந்த மாடிகள் முடிவதற்கு எவ்வளவோ நேரம் ஆனது. நம் ஊரில் நாம் வெயிலைத் திட்டுவோம், திட்டிவிட்டு நேற்று செய்ததையே இன்றும் செய்வோம். அந்த ஊர் கைக்கு அடங்காமல் பெருத்துவிட்டது, ஏரியைத் தின்றுவிட்டது, அதற்குண்டான கஷ்டத்தையும் படுகிறது. ஆனாலும் அங்கே இருக்கிற எளிய ஜனங்கள், சிக்னலில் நிற்பதிலிருந்து மாவு கரைப்பதுவரை, தினம் புதிதாகக் கற்றுக்கொள்கிறார்கள். இந்த வயதில் எனக்கு அதுதான் பெரிய காட்சியாக இருந்தது.

ஆம்பூர் தாண்டும்போது விமலா போன் செய்தாள். "அக்கா, மேகம் மூடுது. மஞ்சண்ணா வரும்ங்கறாரு, நான் வராதுங்கறேன். நீ இன்னா சொல்ற?"

"நான் ஒண்ணும் சொல்லலடி" என்றேன். "நீ பாத்து சொல்றதுதான்."

இதில் நான் எழுதிய கிலோமீட்டர், பஸ் டிக்கெட், ரயில் நேரம் எல்லாவற்றையும் யாராவது சரிபார்த்துத் திருத்திவிட வேண்டுகிறேன். கன்னட வார்த்தைகளைக் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறேன். விமலாவின் நம்பர் தலைவியிடம் கொடுத்திருக்கிறேன். அவளைக் கூப்பிட்டுக் கேட்கலாம். கேட்கும்போது, இன்றைக்கு மாவு எழுந்ததா என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நான் தினமும் கேட்டால் சிரிக்கிறாள்.